மார்மாஹி எங்கே போயிற்று?



சென்ற மாதம் எங்கள் மதரஸாவில் குதூரி பாடம் நடந்துகொண்டிருந்தது. உண்ணத் தக்கவை, தகாதவை பற்றிய பகுதி. ஹனஃபி மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகிய குதூரி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் எழுதப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிவோம். நீர்வாழ் உயிர்களைப் பற்றிக் கூறுமிடத்து, உண்பதில் குற்றமில்லை என்று அந்நூல் பெயர் சுட்டிச் சொல்லும் மீன்களுள் ஒன்று மார்மாஹி. பாரசீகத்தில் 'மார்' என்றால் பாம்பு. 'மாஹி' என்றால் மீன். பாம்பின் வடிவங்கண்டு மக்கள் ஐயுறக் கூடாதென்றே தனியே குறிப்பிட்டார்கள் போலும்! "அதுதான் நம்மூர் விலாங்கு" என்று மாணவர்களுக்கு விளக்கினேன்.

பதினான்கு வயது மாணவன் ஒருவன் எழுந்து, "ஹஜரத், விலாங்கு எப்படி இருக்கும்? நான் பார்த்ததே இல்லையே!" என்றான். நான் மற்றவர்களை நோக்கினேன். வகுப்பிலிருந்த இருபத்திரண்டு பேரில் மூவர் மட்டுமே விலாங்கைக் கண்டவர்கள். அம்மூவரும் அதைக் கண்டது கடலூர் மீன் அங்காடியில். எங்கள் வாய்க்காலில் கண்டவர் ஒருவரும் இலர்.

பக்தாதில் எழுதிய நூலில் அந்த மீனின் பெயர் ஆயிரம் ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. எங்கள் ஊரின் நீரிலோ ஒரே தலைமுறையில் அது மறைந்துவிட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் கரிக்கலாம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வட்டாரத்தின் உயிர்நாடி தென்பெண்ணை ஆறு. சொர்ணாவூர் அணைக்கட்டில் அந்த ஆற்றிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரிக்கு நீரைக் கொண்டு சேர்க்கிறது. நான் சிறுவனாக இருந்த காலத்தில், ஐப்பசி மழையில் வாய்க்காலுக்குப் புதுவெள்ளம் வந்தால் ஊரே கரையில் நிற்கும். கெண்டையும் கெளுத்தியும் நீரை எதிர்த்து ஏறும். மடையிலிருந்து வயலுக்கும், ஒரு வயலிலிருந்து மறு வயலுக்கும் துள்ளும். எங்கள் அத்தா வயல் வரப்பின் வளையிலிருந்து விலாங்கைப் பிடித்து வருவார். அது கையில் நிற்காமல் வழுக்கும். நன்னி அடுப்புச் சாம்பலை அள்ளி அதன்மேல் பூசி, இறுகப் பற்றி அறுப்பார். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்பார்கள். சாம்பல் பூசிய எங்கள் நன்னியின் கையில் மட்டும் அதன் தந்திரம் எதுவும் பலித்ததில்லை.

அன்று எங்களுக்குத் தெரியாத உண்மை ஒன்று உண்டு. எங்கள் வரப்பில் வளை கட்டிக் கிடந்த அந்த விலாங்கு, எங்கள் ஊரில் பிறந்ததன்று. அது ஆழ்கடலில் பிறந்தது!

வாசகர்களே, விலாங்கின் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில் முட்டையிலிருந்து வெளிவரும் அந்தச் சிற்றுயிர், கடல் நீரோட்டத்தில் மிதந்து கரையை நெருங்குகிறது. முகத்துவாரத்தை அடையும்போது அது கண்ணாடித் துண்டுபோல் ஒளி ஊடுருவும் உடலோடு ஒரு விரல் நீளமே இருக்கும். ஆற்றில் ஏறி, வாய்க்கால், ஏரி, வயல் என்று பரவிப் பல ஆண்டுகள் நன்னீரில் வளர்கிறது. முதிர்ந்த பின் ஒரு மழைக்காலத்தில் வந்த வழியே கடலுக்குத் திரும்பி, முட்டையிட்டு மடிகிறது. இவ்வாறு ஓர் உயிரின் வாழ்நாளில் ஆறு இருமுறை வழிவிட வேண்டியிருக்கிறது. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை. எந்த ஒரு முறை வழி அடைபட்டாலும் சந்ததி இல்லை.

விலாங்கு மட்டுமா? கொடுவா மீன் முகத்துவாரத்தை ஒட்டிய உவர்நீரில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் உப்பங்கழியிலும் ஆற்றிலும் ஏறி வளர்கின்றன. மடவைக் குஞ்சுகளும் அவ்வாறே கடலிலிருந்து உள்ளே வருபவை. ஆற்றில் வாழும் பெரிய நன்னீர் இறாலின் குஞ்சுகள் உவர்நீரின்றிப் பிழைக்கமாட்டா. ஆதலால் தாய் இறால் முகத்துவாரத்துக்கு இறங்க, குஞ்சுகள் வளர்ந்து மேலே ஏற வேண்டும். கெண்டையும் கெளுத்தியும் கடலைக் காணாதவையே எனினும், மழை வெள்ளத்தில் ஏறித் தாழ்வான நீர்ப்பரப்பில் முட்டையிடுவது அவற்றின் இயல்பு. ஆறு என்பது இவற்றுக்கெல்லாம் வீடு மட்டுமன்று, சாலையும் அதுவே.

அந்தச் சாலையின் நிலை என்ன? கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றிக் கடலூர் அருகே கடலில் கலக்கும் தென்பெண்ணையின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவிலூர் அணைக்கட்டு, எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு, சொர்ணாவூர் அணைக்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் நிற்கின்றன. வடக்கே வில்லியனூர் வழியாக ஓடும் சங்கராபரணியிலும் இதே கதைதான். செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் கட்டிய படுகை அணை அந்த ஆற்றில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

ஒரு சுவர் எவ்வாறு தடையாகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சுவரின்மேல் வழிந்து விழும் நீர், கீழ்ப்புறத்து மணலை அரித்துச் செல்கிறது. மேலிருந்து வரவேண்டிய மணலோ சுவருக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல ஆற்றின் தளம் தாழ்கிறது. கட்டியபோது மூன்றடி உயரமிருந்த சுவர், மீனின் கண்ணுக்கு ஆறடி, ஏழடியாகிவிடுகிறது. நம்மூர்க் கெண்டை எவ்வளவு உயரந்தான் துள்ளும்? சுவரின் அடியில் திரண்டு நிற்கும் மீன் கொக்குக்கும் வலைக்கும் இரையாகிறது.

இந்தத் துயரம் தமிழகத்துக்குப் புதிதன்று. கடலில் வாழ்ந்து, முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறும் உள்ளம் மீனை உங்களுள் சிலர் அறிந்திருப்பீர்கள். வங்காளத்தார் இலிஷ் என்று உயிரைவிட மேலாகக் கொண்டாடும் மீன் அதுவே. ஒரு காலத்தில் அது காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. 1934-இல் மேட்டூர் அணை வந்து, ஆற்றின் வெள்ளத்தையே தன் வயமாக்கிக்கொண்டது. உள்ளத்தின் வரவு தேய்ந்து போயிற்று. அக்காலத்தவர் இதனை அறியாமலில்லை. கீழணையில் மீன் ஏணியும் அமைத்துப் பார்த்தார்கள். ஆனால் மீன் ஏணி என்பது மேலைநாட்டுச் சால்மன் மீனுக்காக வகுத்த முறை. சால்மன் துள்ளிப் பாயும், உள்ளம் துள்ளாது. பிறருக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாமற் போனதுபோல், அந்த ஏணி உள்ளத்துக்குப் பயன்படவில்லை.

அணையைக் கட்டியவர்களே அதை அகற்றும் காலமும் வந்திருக்கிறது என்பது இன்றைய செய்தி. புதுச்சேரியில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் உறவினர் உண்டு. அந்நாட்டின் நார்மண்டிப் பகுதியில் செலூன் என்றோர் ஆறு இருக்கிறது. அதில் மின்சாரத்துக்காக வெசேன், லா ரோஷ் கி புவா என்னும் இரண்டு அணைகளைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டினார்கள். வெசேன் அணையின் உயரம் 36 மீட்டர். 2019-இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அடுத்த அணை 2022-23-இல் அகற்றப்பட்டது. சால்மனும் விலாங்கும் மீண்டும் ஏறட்டும் என்பதே நோக்கம். அங்குள்ள மக்கள் எல்லாரும் மகிழ்ந்து இசைந்துவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அணைநீர்ப் பரப்பைத் தங்கள் ஊரின் அழகாகவும் வருவாயாகவும் கருதியவர்கள் பல்லாண்டுகள் கடுமையாக எதிர்த்தார்கள்.

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் யூரோக், கரூக் முதலிய பழங்குடியினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடி, நான்கு அணைகளை 2023, 2024 ஆண்டுகளில் அகற்றச் செய்தனர். இடிப்பு வேலை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. 2024 அக்டோபரில் அணைகள் நின்ற இடத்தையெல்லாம் கடந்து, ஆரிகன் மாநிலப் பகுதிக்குள் சால்மன் மீன் நுழைந்தது. 1912-க்குப் பிறகு அங்கே அது காணப்படுவது அதுவே முதன்முறை. நூறாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த கதவு திறந்தவுடன் வந்துவிட்டது, பாருங்கள்! வழியை அடைத்தவன் மனிதன்; வழியை மறவாதது மீன்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், அஸருக்குப் பின் தேநீர்க் கடையில் எங்கள் ஊர் விவசாயி ஒருவரிடம் பேசினேன். நெல்லும் கரும்பும் பயிரிடும் பெரியவர், அத்தாவின் நண்பர். "தடுப்பணைகளை எடுத்துவிட்டால் ஆறு பிழைக்கும் ஐயா" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "பாய், நீங்க மீனைப் பற்றிப் பேசுறீங்க. நான் போர்வெல்லைப் பற்றிப் பேசுறேன். அந்த ஆத்துல தண்ணி நின்னாத்தான் என் கிணத்துல நல்ல தண்ணி. இல்லேன்னா கடல் தண்ணி உள்ளே வரும். உப்புத் தண்ணியில நெல்லு விளையுமா? சொல்லுங்க" என்றார்.

எனக்கு மறுமொழி இல்லை. அவர் கூறியது முற்றிலும் உண்மை. கடலை ஒட்டிய நம் பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் உப்புநீர் உட்புகும் அச்சம் இருக்கிறது. பிரான்சிலும் கிளாமத்திலும் இடித்தவை மின்சாரத்துக்கான பழைய அணைகள். அவை தந்த மின்சாரத்தை வேறு வழியில் பெறலாம். சொர்ணாவூர் அணைக்கட்டை எடுத்துவிட்டால் பாகூர் ஏரிக்கு நீரை எவ்வழியில் பெறுவது? 2021 மழைக்கால வெள்ளத்தில் செல்லிப்பட்டு படுகை அணை உடைந்தபோது, அதை விரைந்து கட்டித் தரவேண்டும் என்று விவசாயிகள் வேண்டினார்கள். அவர்கள் கேட்டதில் தவறொன்றும் இல்லை.

ஆயினும் கேள்வி அத்துடன் முடிந்துவிடவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு மீண்டும் அப்பெரியவரிடம் சென்றேன். "ஐயா, அணை வேண்டும் என்கிறீர்கள்; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடைந்ததைத் திரும்பக் கட்டும்போது பழைய சுவரையே கட்ட வேண்டுமா? மீனுக்கும் ஒரு வழி வைத்துக் கட்டினால் உங்கள் கிணற்றில் நீர் குறைந்துவிடுமா?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அப்படி ஒரு வழி இருக்கா?" என்றார்.

இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மர்ரி ஆற்றிலும் முன்பு சால்மன் மீனுக்குரிய ஏணிகளைக் கட்டி ஏமாந்தார்கள். பின்னர்த் தங்கள் நாட்டு மீன் எவ்வளவு வேகத்தில் நீந்தும், எங்கே இளைப்பாறும் என்று ஆராய்ந்து, அதற்கேற்ற மீன்வழிகளை வகுத்தார்கள். 2001 முதல் கடல் முகத்திலிருந்து ஹியூம் அணை வரை, 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவிலுள்ள தடுப்பணைகளில் அவற்றை அமைத்தார்கள். அணைகள் நிற்கின்றன, பாசனமும் நடக்கிறது, மீனும் ஏறுகிறது. லாவோஸ் நாட்டில் மேகாங் ஆற்றங்கரையிலுள்ள பாக் பெங் என்னுமிடத்தில், நம்மூர் ஏரி மதகைப் போன்ற ஒரு சிறு மதகின் அருகே படிப்படியான கான்கிரீட் வழியைக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றிலிருந்து அதன் வழியே சிறு மீன்கள் ஏறிச் சதுப்பு நிலத்தை அடைகின்றன.

அதன் அமைப்பு எளிது. உயரமான ஒரே சுவருக்குப் பதிலாக, பக்கவாட்டில் நீண்ட சரிவு; அதில் ஒரு சாணுக்கு மேற்படாத படிகள்; படிக்குப் படி மீன் இளைப்பாற ஒரு சிறு தொட்டி; அதன் வழியே எப்போதும் கொஞ்சம் நீரோட்டம். பாறைகளைப் பரப்பிய சரிவும் ஆகும். விலாங்குக் குஞ்சுக்கு அதுகூட வேண்டுவதில்லை; கரடுமுரடான ஈரச் சரிவொன்று இருந்தால் ஊர்ந்தே ஏறிவிடும். நம் ஆறுகளில் வெள்ளம் ஓடுவது சில வாரங்களே. அந்த வாரங்களில் ஆற்றில் மிகுந்து கடலுக்குப் போகும் நீரில் ஒரு பங்கை அவ்வழியே விட்டால் போதும்.

ஆகவே தடைகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. இன்றும் வயலுக்கு நீர் தருபவை நிற்கட்டும். ஆனால் பழுது பார்க்கும்போதும் திரும்பக் கட்டும்போதும் மீன்வழியோடு கட்டவேண்டும். அடைப்புப் பலகையும் கதவும் உள்ளவற்றை முதல் வெள்ளத்தில் சில நாள் திறந்துவைத்துப் பின்னர் அடைக்கலாம். இனி எவருக்கும் பயன்படாதவை என்று ஒரு வகை உண்டு. பாசன வயல்கள் மனைகளாகிவிட்ட பின்னும் வாய்க்காலின் குறுக்கே நிற்கும் பழஞ்சுவர்கள், புதிய பாலம் கட்டிய பின் அகற்றாமல் விட்ட தரைப்பாலங்கள், உடைந்து கிடக்கும் கான்கிரீட் துண்டுகள் ஆகியவை அவை. இவற்றை நிற்கவிடுவதால் யாருக்கு என்ன நன்மை? மீனுக்கும் தடை, வெள்ளத்துக்கும் தடை. இவற்றை அகற்றவே வேண்டும்.

நாம் தீர்மானிக்காவிட்டால் வெள்ளம் தீர்மானிக்கும். 1949-50-இல் கட்டிய எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டு 2021 நவம்பர் வெள்ளத்தில் சிதைந்தது. அதே ஆற்றில் 2020-இல் கட்டி முடித்த தளவானூர் தடுப்பணை, 2021 ஜனவரியிலேயே ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கனஅடி நீர் திறக்கப்பட்டு, பாகூர் வட்டாரத்து வயல்கள் கடலாயின. ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் எதையேனும் திரும்பக் கட்டத்தான் போகிறோம். அந்த வரைபடம் தீட்டப்படும் நாளில், "மீனுக்கு வழி எங்கே?" என்று கேட்க ஊரில் ஒருவரேனும் இருக்கவேண்டும். கட்டி முடித்த பின் கேட்பது, கப்பல் போன பின் துறைமுகத்தில் நிற்பதற்கொப்பாகும்.

பிறரைக் குறை கூறிய நான் என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் படித்த நாட்களில், நண்பர்கள் நால்வராகச் சேர்ந்து புதுவெள்ளத்தில் மதகின் வாயில் கொசுவலையைக் குறுக்கே கட்டினோம். ஒரே இரவில் இரண்டு கூடை மீன். பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நன்னி ஒரு கெண்டையை அறுத்தார்; வயிறு நிறையச் சினை. இன்னொன்றை அறுத்தார், அதிலும் சினை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த வருஷத்து மீனையும் சேர்த்தே கொண்டு வந்துட்டியேடா" என்றார். அன்று அவர் அந்தக் குழம்பை உண்ணவில்லை.

பிற்காலத்தில், ஓய்வுநாளின் வரம்பை மீறிய கடற்கரை ஊராரின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கூடைகள் என் நினைவில் வரும். தடுத்த நாளில் மீனைக் கையால் பிடிக்கவில்லை. வழியை மட்டும் அடைத்துவைத்து மறுநாள் எடுத்துக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். அடைத்ததே பிடித்ததுதான் என்பதை அவர்கள் தங்கள் மனத்துக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் அன்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஆதலால் சகோதர சகோதரிகளே, அரசு செய்யவேண்டியதை அரசிடம் கேட்போம். கொம்யூன் பஞ்சாயத்துக்கும் பொதுப்பணித் துறைக்கும் விவசாயிகளோடு சேர்ந்து மனு எழுதுவோம்; அவர்களை விட்டுத் தனியே அன்று. நாம் செய்யவேண்டியதை நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம். முதல் வெள்ளத்தில் ஏறும் மீனுக்குச் சில நாள் வழிவிடுவோம். மதகின் வாயில் வலை கட்டும் பிள்ளைகளை, என் நன்னி என்னைத் தடுத்ததுபோல் தடுப்போம். குர்பானிக் கழிவையும் கோழிக்கடைக் கழிவையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வாய்க்காலில் எறியும் பழக்கம் நம் தெருக்களில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. அந்தப் பைகள் சிறுபாலத்தின் அடியில் அடைத்து நின்று, அணைக்கட்டின் வேலையைச் சம்பளமின்றிச் செய்கின்றன. அதைக் குழி தோண்டிப் புதைக்க எத்தனை நேரமாகும்?

அந்தப் பெரியவர் சென்ற வெள்ளிக்கிழமை மதரஸா வாயிலில் என்னைக் காத்து நின்றார். "பாய், மனு எழுதினா என் பேரையும் போடுங்க. ஆனா முதல் வரியில அணை வேணும்னு எழுதுங்க, ரெண்டாவது வரியில மீனை எழுதுங்க" என்றார். அவ்வாறே எழுதியிருக்கிறேன். ஜும்ஆவுக்குப் பின் பதினேழு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்ட மாணவனுக்கு இன்னும் நான் விலாங்கைக் காட்டவில்லை. கடலூர் அங்காடிக்கு அழைத்துச் சென்று காட்டிவிடலாம், அது எளிது. ஆனால் ஒரு மழைக்காலத்தில் எங்கள் வாய்க்காலின் கரையில் நின்று அவனுக்குக் காட்டவேண்டும் என்பதே என் ஆசை. அல்லாஹ் நாடினால் அது நடக்கும். நாம் வழிவிட்டால்.

வஸ்ஸலாம்.